கம்பம் பள்ளத்தாக்கில் கிராவல் சைக்கிளுக்கு வழி எது?

மேற்கே ஏலமலை, கிழக்கிலும் தெற்கிலும் மேகமலை, நடுவில் முல்லைப் பெரியாறு. கம்பம் பள்ளத்தாக்கின் அமைப்பு அவ்வளவுதான். லோயர்கேம்ப்பில் சமவெளியைத் தொடும் ஆறு கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என வடகிழக்காக ஓடி, தேனிக்கு அருகே வைகையில் கலக்கிறது. நெல், வாழை, தென்னை, திராட்சை என்று வயல்கள் மலையின் காலடி வரை போகின்றன. தார்ச்சாலையை விட்டு விலகி மண்ணிலும் சரளையிலும் சைக்கிள் ஓட்டும் பழக்கம் தமிழ்நாட்டில் மெல்லப் பரவிவரும் இந்நாளில், இந்தப் பள்ளத்தாக்கின் மேல் பலருடைய கண் விழுந்திருப்பதில் வியப்பில்லை. ஆனால் இங்கே கிராவல் சைக்கிளுக்கு வழி எது என்று கேட்டால் பெரும்பாலோர் மலையைத்தான் காட்டுகிறார்கள். மேகமலைக்குள் போகும் எஸ்டேட் பாதைகள், குரங்கணிக்கு மேலே ஏறும் பழைய தடங்கள், தேவாரத்துக்கு மேற்கே சாக்குலூத்து மெட்டுக்குச் செல்லும் வழி என்று பட்டியல் நீள்கிறது. இந்தப் பட்டியலே தவறான இடத்திலிருந்து தொடங்குகிறது என்பது என் கருத்து. கம்பம் பள்ளத்தாக்கின் கிராவல் தடம் காட்டுக்கு வெளியே, பாசனக் கால்வாய்களின் கரைகளிலும் கண்மாய்க் கரைகளிலும் அவற்றை இணைக்கும் வண்டிப்பாதைகளிலும் அமைய வேண்டும். மலை அந்தப் பாதையிலிருந்து பார்க்கக் கிடைக்கும். ஏற வேண்டிய அவசியமில்லை.

இந்த விளையாட்டு எங்கே பிறந்தது என்பதை முதலில் பார்ப்போம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சிற்றூரை மையமாக வைத்து 2006-இல் தொடங்கிய நீண்டதூர ஓட்டம் ஒன்றுதான் இன்று ‘அன்பவுண்ட் கிராவல்’ என்ற பெயரில் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்களை இழுக்கிறது. அங்கே பனிமலையும் இல்லை, அடர்காடும் இல்லை. புல்வெளி, மாட்டுப் பண்ணைகள், அவற்றுக்கிடையே உள்ளூர் நிர்வாகம் பராமரிக்கும் தார் போடாத பொதுச்சாலைகள், இவைதான். இத்தாலியில் டஸ்கனி பகுதியின் வெண்மண் சாலைகள் ஒவ்வொன்றாகத் தாருக்குள் மறைந்துகொண்டிருந்தபோது, அவற்றைக் காப்பாற்றவேண்டும் என்ற எண்ணத்துடன் 1997-இல் ஜியான்கார்லோ ப்ரோச்சி என்பவர் கையோலே இன் கியாந்தி என்ற ஊரில் பழைய சைக்கிள்களில் ஓர் ஓட்டத்தைத் தொடங்கினார். ‘லெரோயிகா’ என்று பெயர். முதலாண்டு வந்தவர்கள் 92 பேர். பத்தாண்டு கழித்து, 2007-இல், அதே மண்சாலைகளை நம்பி ஒரு தொழில்முறைப் பந்தயமே உருவானது. அந்தச் சாலைகளும் திராட்சைத் தோட்டங்களுக்கும் கோதுமை வயல்களுக்கும் நடுவேதான் ஓடுகின்றன. உலக சைக்கிள் சங்கம் கிராவலுக்கென்று தனி உலகப் போட்டியை முதன்முதலில் 2022-இல் நடத்தியபோது தேர்ந்தெடுத்த வட இத்தாலியின் வெனெட்டோவும் பயிர் விளையும் பூமிதான். இந்த வகை சைக்கிளே உழவனின் சாலையை நம்பிப் பிறந்தது. மலையேறும் சைக்கிளுக்குப் பாறையும் வேரும் செங்குத்தான இறக்கமும் வேண்டும். அதற்கேற்ற அதிர்வுத்தாங்கி வேண்டும். வளைந்த கைப்பிடியும், ஏறக்குறைய நாற்பது மில்லிமீட்டர் அகலமான டயரும் கொண்ட கிராவல் சைக்கிளுக்கு வேண்டியது, கார் அதிகம் வராத, முழங்காலை உடைக்காத, நெடுந்தூரம் அறுபடாமல் போகிற ஒரு மண்தடம். அது விளைநிலத்தில்தான் அதிகம் கிடைக்கும்.

மலைப்பாதைகளை ஒதுக்குவதற்குக் காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அவற்றின் கவர்ச்சி பொய்யானதல்ல. இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து கேரளத்துக்கு ஏறும் வழிகளில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மூன்றும் தார்ச்சாலைகள். ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிச்செல்லும் ஜீப்புகளும், ஐயப்பன் சீசனில் வரும் வண்டிகளும், சரக்கு லாரிகளும் நிறைந்தவை. அவை சாலை சைக்கிளுக்கு நல்ல ஏற்றங்கள், கிராவலுக்குச் சம்பந்தமில்லை. சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலையும் தார்தான். அதன் அடிவாரத்தில், தென்பழனியில், வனத்துறைச் சோதனைச்சாவடி இருக்கிறது. இருட்டிய பின் போக்குவரத்துக்கு அனுமதி இல்லை. எஞ்சியிருப்பவை மண்தடங்கள். அவை ஏறக்குறைய எல்லாமே வனநிலம். 2021 பிப்ரவரியில் மேகமலை சரணாலயமும் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல்நிற அணில் சரணாலயமும் சேர்த்து நாட்டின் 51-ஆவது புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பரப்பு. அதற்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை மட்டும் காட்டி வாதத்தை முடிக்க நான் விரும்பவில்லை. சட்டம் நாளை மாறலாம், அனுமதி கிடைக்கலாம். ஆனால் சைக்கிளின் இயல்பே காட்டில் ஒரு சிக்கல். நடப்பவர் மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் போவார், பேச்சும் காலடியும் முன்கூட்டியே கேட்கும். சைக்கிள் சத்தமில்லாமல், இறக்கத்தில் இருபத்தைந்து முப்பது கிலோமீட்டர் வேகத்தில், வளைவைத் திரும்பியதும் யானையின் முன்னால் போய் நிற்கும். இதில் யார் பக்கம் பிழை என்று விலங்கிடம் வாதாட முடியாது.

குரங்கணியை மறந்துவிட்டும் இதைப் பேச முடியாது. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல், மாலைக் காற்று, தப்பிக்க வழியில்லாத சரிவு, தீ வருவதைச் சொல்ல ஆளில்லாத நிலை, எல்லாம் ஒன்றாகக் கூடியதில் நேர்ந்த கொடுமை அது. அதன் பிறகு அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வழிகாட்டியோடு கூடிய நாற்பது தடங்களை இணையப் பதிவு முறையில் திறந்தது. நடப்பவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. சைக்கிளுக்கும் அதையே நீட்டிக்கலாமே என்று கேட்பவர்கள், வழிகாட்டி ஒருவர் பத்துப் பேரை நடத்திச் செல்வதும் பத்து சைக்கிள்கள் ஒரே மலைச்சரிவில் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குச் சிதறிப் போவதும் ஒன்றா என்று யோசிக்க வேண்டும். பிப்ரவரி முதல் மே வரை காய்ந்து கிடக்கும் இந்தச் சரிவுகளில் ஆட்களைச் சிதறவிடும் எந்தத் திட்டத்தையும் என்னால் ஆதரிக்க முடியாது.

இனிப் பள்ளத்தாக்கின் தரைக்கு வருவோம். மேற்கே அரபிக்கடலுக்குப் போன பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிய பொறியாளர் பென்னிகுக்கின் அணை 1895-இல் திறக்கப்பட்டது. தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாக வரும் தண்ணீர் மலையடிவாரத்தில் மின்சாரம் எடுத்துக் கொடுத்துவிட்டு லோயர்கேம்ப்பில் ஆற்றில் சேருகிறது. அங்கிருந்து தொடங்குகிறது கால்வாய்களின் பின்னல். ஆற்றில் ஆங்காங்கே குறுக்கே கட்டிய தடுப்பணைகளிலிருந்து பழைய வாய்க்கால்கள் இருபுறமும் பிரிகின்றன. இவற்றை நம்பி இருபோகம் விளையும் நெல்வயல் 14,707 ஏக்கர். இந்த எண் கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிக்குத் தன் வீட்டு எண் போல மனப்பாடம். இதற்கு மேலே, மேற்கு மலையின் அடியை ஒட்டி, பிற்காலத்தில் வெட்டிய 18-ஆம் கால்வாய் போகிறது. லோயர்கேம்ப்பில் தொடங்கி, கூடலூர், கம்பம் ஊர்களின் மேற்குப் புறமாக வந்து, கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் வழியாகப் போடிப் பக்கம் வரை நாற்பது கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடும் கால்வாய் அல்ல. அணையில் நீர் இருக்கும்போது திறந்து, வழியிலுள்ள கண்மாய்களை நிரப்புவார்கள். சமமட்டக் கோட்டைப் பிடித்துப் போவதால் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. மலையின் ஒவ்வொரு மடிப்பிலும் உள்ளே வளைந்து, ஒவ்வொரு மூக்கிலும் வெளியே திரும்பி வரும். அதன் கரையில் நின்றால் ஒரு கையில் மலை, மறு கையில் பள்ளத்தாக்கு முழுவதும். கிராவல் சைக்கிளுக்கு ஒரு தடம் வரையச் சொல்லி ஒரு பொறியாளரை அனுப்பியிருந்தாலும் இதைவிட நல்லதொன்றை வரைந்திருக்க மாட்டார்.

ஒரு கால்வாய்க் கரையை நெருங்கிப் பார்த்தால்தான் இது விளங்கும். இரண்டு கரைகளில் ஒன்று அகலமானது. ஜீப்பும், தூர் வாரும் பொக்லைனும் வந்துபோவதற்காக விட்டது. மற்றது ஆள் நடக்கும் அளவுக்கே குறுகியது. அகலக் கரையில் கிராவல் மண் கொட்டி இறுக்கியிருப்பார்கள். டிராக்டர் டயர் பதிந்து இரண்டு தடம் விழுந்திருக்கும், நடுவே புல்மேடு. மதகு வரும் இடங்களில் பாதை திடீரென்று குறுகி, ஷட்டர் திருப்பும் மேடையின் ஓரமாக ஏறி இறங்கும். சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ள வேண்டிய இடங்கள் இவைதான். மலையோடை குறுக்கே வரும் இடத்தில் கால்வாய் தொட்டிப்பாலத்தில் ஏறி ஓடையைத் தாண்டிவிடும், பாதையோ ஓடைக்குள் இறங்கி மறுகரை ஏறும். மழைக்காலத்தில் அந்த இறக்கத்தில் முழங்கால் அளவு தண்ணீர் கூடப் பாயலாம். கரை நெடுக சீமைக்கருவேலம் நீட்டி நிற்கும். அதன் முள் டயருக்குள் நேராக இறங்குவதால், டியூப் இல்லாத டயரில் ஓட்டையைத் தானே அடைக்கும் பால்மருந்தை ஊற்றாமல் இங்கே வருவது வீண். கரைக்குக் கீழே திராட்சைப் பந்தல்கள்; கல்தூணில் கம்பி கட்டிய பந்தலின் கூரை சைக்கிள்காரரின் கால்மட்டத்தில் பச்சையாக விரிந்து கிடக்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை இந்தப் பந்தல்களில் ஆண்டு முழுவதும் காய்க்கிறது.

பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரு வட்டமாகப் போட்டுப் பார்த்தால், போகும்போது ஆற்றை ஒட்டிய வாய்க்கால் கரைகளும் வண்டிப்பாதைகளும், திரும்பும்போது 18-ஆம் கால்வாயும் என்று அமையும். கீழ்த்தளத்தில் குச்சனூர், உத்தமபாளையம், கம்பம் வழியாகப் போகும் தடம் நெல்லுக்கும் தென்னைக்கும் நடுவே போவது; நிழல் அதிகம், ஊர்கள் நெருக்கம், டீக்கடையும் சைக்கிள் கடையும் கைக்கெட்டும் தூரத்தில். மேல்தளத்தில் வெயில், தனிமை, மலை. காற்றும் இங்கே கணக்கில் வரும். ஆனி ஆடியில் கம்பம் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று வேகமாகப் பாய்ந்து இறங்குகிறது. தேனி மாவட்டத்தில் காற்றாலைகள் நிற்பதற்கும் அதுவே காரணம். அந்த மாதங்களில் காற்று எழுவதற்கு முன் காலையில் லோயர்கேம்ப் நோக்கி ஏறிவிட்டு, பிறகு காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வடக்கே திரும்புவதே புத்தி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழையில் கரைமண் குழைந்துவிடும். சைக்கிள் தடமும் ஆழமாகப் பதியும், கரைக்கும் கேடு. அப்போது தடத்தை மூடிவிட வேண்டும். மார்கழி முதல் மாசி வரை நல்ல காலம்.

முதல் ஆட்சேபம் விவசாயிகளிடமிருந்து வரும், அது நியாயமானது. கால்வாய்க் கரை பூங்கா அல்ல. அது வேலை நடக்கும் இடம். அறுவடை நாளில் நெல்லை ஏற்றிய டிராக்டர் கரையில் நிற்கும். மருந்தடிக்கும் நாளில் அந்தப் பக்கம் யாரும் வரக்கூடாது. முறைத்தண்ணீர் பாய்ச்சும் இரவில் மதகைச் சுற்றி அந்நியர் நடமாட்டத்தை யாரும் விரும்பமாட்டார்கள். மோட்டார் திருட்டு, கேபிள் திருட்டு எல்லாம் கிராமங்களில் உண்மையான பயங்கள். இதற்குப் பதில், சைக்கிள்காரருக்கு உரிமை இருக்கிறது என்று மல்லுக்கு நிற்பது அல்ல. கரை அரசு நிலம்தான், நீர்வளத்துறையின் பொறுப்பில் உள்ளதுதான். ஆனால் அதை அன்றாடம் காப்பவர்கள் ஆயக்கட்டுக்காரர்கள். 2000-ஆம் ஆண்டின் நீர்ப்பாசன அமைப்புகள் விவசாயிகள் மேலாண்மைச் சட்டப்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைக்க வழி இருக்கிறது. அந்தச் சங்கத்தின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கரையையும் வரைபடத்தில் போடக்கூடாது என்பது முதல் விதியாக இருக்க வேண்டும். எந்த வாரம் திறப்பது, எந்த வாரம் மூடுவது என்பதை அவர்கள் சொல்லட்டும். மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி கூடாது. குழுவாக வருபவர்கள் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும். பொழுது சாய்வதற்குள் கரையை விட்டு இறங்கிவிட வேண்டும். இவ்வளவு கட்டுப்பாடா என்று முகம் சுளிப்பவர்கள், அடுத்தவர் உழைப்பின் மேல் ஓட்டிப் போகிறோம் என்பதை நினைவில் கொள்ளட்டும்.

அதே சமயம் இதில் விவசாயிக்கும் ஒரு லாபம் உண்டு என்று உறுதியாக நம்புகிறேன். கால்வாய்க் கரைகள் அழிவது ஆள் நடமாட்டம் குறைந்த இடங்களில்தான். ஓரத்தில் ஒரு தென்னையை நட்டு, அடுத்த ஆண்டு வேலியைத் தள்ளி, அதற்கடுத்த ஆண்டு கரை முழுவதையும் தோப்போடு சேர்த்துக்கொள்வது தமிழ்நாடு முழுவதும் நடப்பது. ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் ஏரிகளுக்கென்று தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. கோழிக் கழிவையும் கட்டட இடிபாட்டையும் இரவில் கொண்டுவந்து கொட்டுபவர்களும் ஆளில்லாத கரையைத்தான் தேடுவார்கள். வாரந்தோறும் நாற்பது கிலோமீட்டர் கரையைக் கடைசி வரை பார்த்து வருகிற ஆட்கள் இருந்தால், உடைப்பும் கசிவும் ஆக்கிரமிப்பும் உடனே தெரியவரும். கால்வாயைக் காக்கும் லஸ்கர் பணியிடங்கள் குறைந்துபோன இந்தக் காலத்தில் அந்தக் கண்காணிப்புக்கு மதிப்பு உண்டு.

இரண்டாவது ஆட்சேபம் யானை. காட்டை விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு அடிவாரத்தைத் தேர்ந்தெடுப்பது என்ன பாதுகாப்பு என்று கேட்கலாம். கேள்வி சரிதான். கேரளத்தின் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்ற காட்டுயானை 2023 மே 27 அன்று கம்பம் நகரின் தெருக்களுக்குள்ளேயே ஓடியது. அதில் தாக்கப்பட்ட ஒருவர் பிறகு இறந்தார். நகரில் 144 தடையுத்தரவு போட வேண்டியிருந்தது. சுருளிப்பட்டி, ராயப்பன்பட்டி, சண்முகாநதி அணைப் பக்கம் சுற்றிய அந்த யானையை ஜூன் 5 அன்று பிடித்து முண்டந்துறைப் பக்கம் கொண்டு போனார்கள். தேவாரம் பக்கத்திலும் தோட்டக் காவலுக்குப் போனவர்கள் யானையால் உயிரிழந்திருக்கிறார்கள். ஆகவே பாதுகாப்பான அடிவாரம் என்று ஒன்று இல்லை. ஆனால் ஆபத்தின் அளவில் வேறுபாடு இருக்கிறது. யானைகள் தோப்புகளுக்கு இறங்குவது பெரும்பாலும் இரவில், விடியலில் திரும்புகின்றன. வெளிச்சம் நன்றாக வந்த பிறகு ஏறி, மாலை நான்கு மணிக்குள் இறங்கினால் எதிர்ப்படும் வாய்ப்பு பெருமளவு குறையும். திறந்த கால்வாய்க் கரையில் இருநூறு முந்நூறு மீட்டர் முன்னே பார்வை போகும். திரும்பிவர இடமும் உண்டு. காட்டுத்தடத்தில் இரண்டும் இல்லை. கிழக்கே மேகமலை அடிவாரத்தில் காப்பக எல்லை தோட்டங்களுக்கு மிக அருகில் வருவதால், அந்தப் பக்கம் தடத்தை மலையடியில் கொண்டுபோகாமல் காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, ஓடைப்பட்டி ஊர்ச்சாலைகளை ஒட்டியே வைக்க வேண்டும் என்பேன். காட்சியின் அழகில் சிறிது இழப்புதான். ஏற்கத்தக்க இழப்பு.

மூன்றாவது ஆட்சேபம் எனக்கே மிகவும் கவலை தருவது. சுற்றுலா என்று பெயர் சூட்டிவிட்டால் கரைக்கு என்ன நேரும்? சிமெண்ட் கற்கள், வண்ண விளக்கு, கம்பி வேலி, செல்ஃபி மேடை, பிளாஸ்டிக் குவியல். சுருளி அருவிக்குப் போகும் வழியைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் புரியும். ஆனால் வேறு வழியில் போனவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலிருந்து கம்பர்லண்ட் வரை பொடோமாக் ஆற்றின் ஓரமாக 297 கிலோமீட்டர் நீளமுள்ள பழைய படகுக் கால்வாய் ஒன்று உண்டு. படகை இழுக்கும் கோவேறு கழுதைகள் நடந்த கரை அதன் கூடவே போகிறது. கால்வாய்த் தொழில் அழிந்தபின் அந்தக் கரையை மோட்டார் சாலையாக மாற்றத் திட்டமிட்டார்கள். அத்திட்டத்தை ஆதரித்து எழுதிய பத்திரிகை ஆசிரியரை, என்னுடன் அந்தக் கரையில் நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954-இல் அழைத்தார். அந்த நடையே திட்டத்தின் போக்கைத் திருப்பியது. 1971-இல் அது தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று. இன்றும் அது பெரும்பாலும் மண்ணும் பொடிக்கல்லும்தான். நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் பகிர்ந்துகொள்கிறார்கள். கரையைக் கரையாகவே விட்டுவைத்ததுதான் அங்கே செய்த பராமரிப்பு. நமக்குச் சாதகமான ஒரு வேறுபாடும் உண்டு: அது செத்த கால்வாய், நம்முடையது வேலை செய்யும் கால்வாய். தூர் வாரும் இயந்திரம் ஏறி இறங்க வேண்டிய கரையில் வண்ணக்கல் பதித்தால் இரண்டு ஆண்டு கூடத் தாங்காது. இறுக்கிய கிராவலே பாசனத்துக்கும் ஏற்றது, சைக்கிளுக்கும் ஏற்றது.

இங்கே ஓர் எல்லையைத் தெளிவாகப் போட்டுவிட வேண்டும். மண்சாலை அழகு என்று சொல்லி, குடியிருப்புகளுக்குப் போகும் சாலையைத் தார் போடாதே என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. பிரசவ வலியெடுத்த பெண்ணை ஆட்டோவில் ஏற்றிச்செல்லும் வழியும், பள்ளிப் பிள்ளைகள் மழையில் நடக்கும் வழியும் நல்ல தார்ச்சாலையாகத்தான் இருக்க வேண்டும். டஸ்கனியின் உதாரணத்தை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்தால் இங்கே அது கொடுமையாக முடியும். நான் கேட்பது ஆளில்லாத பராமரிப்புக் கரைகளை மட்டும்.

பணக்காரர் விளையாட்டு என்பது நான்காவது குற்றச்சாட்டு. ஐம்பதாயிரம், லட்சம் என்று விலை போகும் சைக்கிளுக்காக அரசு ஏன் மெனக்கெட வேண்டும்? ஆனால் இந்தத் தடத்துக்கு அந்த சைக்கிள் தேவையே இல்லை. பால்காரரும் தபால்காரரும் காலங்காலமாக ஓட்டிய கறுப்பு சைக்கிளின் 28 அங்குல டயர் ஒன்றரை அங்குல அகலம். அதாவது முப்பத்தெட்டு மில்லிமீட்டர். கிராவல் சைக்கிளின் டயரும் ஏறக்குறைய அதே அளவுதான். கம்பம் பள்ளத்தாக்கின் வரப்புகளிலும் கரைகளிலும் புல்லுக்கட்டோடு அந்த சைக்கிள் ஓடாத காலம் இல்லை. 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கி, 2005-06-இல் அரசுப் பள்ளிகளின் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்த விலையில்லா சைக்கிள் திட்டத்தால் இன்று பல வீடுகளில் ஒரு சைக்கிள் நிற்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. நிம்மதியாக ஓட்ட ஓர் இடம் கிடைத்தால் மற்றதைத் தாமே பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். தார்ச்சாலையில் பேருந்துக்கு ஒதுங்கி ஒதுங்கிப் பள்ளிக்குப் போகும் கோம்பை மாணவிக்கும் வெளியூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருபவருக்கும் ஒரே கரை உதவும் என்றால், அது யாருடைய விளையாட்டு என்ற கேள்வியே விழுந்துவிடுகிறது.

வெளியூர்க்காரர் வருவதற்கும் வழி இருக்கிறது. அகலப்பாதைப் பணிக்காகப் பல ஆண்டுகள் மூடிக்கிடந்த மதுரை–போடி ரயில் 2023 ஜூனில் போடி வரை மீண்டும் ஓடத் தொடங்கியது. போடி நிலையத்திலிருந்து 18-ஆம் கால்வாயின் வடமுனை அதிக தூரமில்லை. காரில் சைக்கிளைக் கட்டி வந்து கால்வாய் ஓரத்தில் நிறுத்தும் வழக்கத்தைவிட, ரயிலில் வந்து தேவாரத்திலோ கம்பத்திலோ இரவு தங்கிப் போகும் வழக்கம் ஊருக்கு நல்லது.

ஆகவே கோரிக்கை சிறியது. மாவட்ட நிர்வாகமும் நீர்வளத்துறையும் முழுப் பள்ளத்தாக்கையும் ஒரே நாளில் திறக்க வேண்டாம். கோம்பைக்கும் தேவாரத்துக்கும் இடைப்பட்ட 18-ஆம் கால்வாய்க் கரையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆயக்கட்டு விவசாயிகளைக் கூட்டி உட்காரவைத்து அவர்கள் சொல்லும் நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வனத்துறையிடம் யானை இறங்கும் இடங்களைக் கேட்டு அங்கெல்லாம் பலகை வையுங்கள். மோட்டார் வண்டி நுழையாதபடி இரண்டு முனையிலும் கல் நடுங்கள். ஒரு மார்கழி முதல் ஒரு மாசி வரை ஓட்டிப் பார்க்கட்டும். கரைக்கும் பயிருக்கும் பழுது வந்தால் மூடிவிடுங்கள். சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: மதகில் தண்ணீர் திறக்க ஆள் நின்றால் இறங்கி வழிவிடுங்கள், கொண்டுவந்த பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டுபோங்கள், நாலு மணிக்குள் இறங்கிவிடுங்கள்.